நம்ம கணக்கை நாமே சோதிப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தானியங்கி மென்பொருள் சோதனை பத்திப் பேசணும்னு என்கிட்ட கேட்டாங்க. நான் பல வருஷமா பார்க்கிற வேலையே அதுதான். தலைப்பைக் கேட்டதும், ‘இது படிச்ச பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?’ன்னு பின்வரிசையில யாராவது நினைச்சிருக்கலாம். ஆனா நான் பேசப் போறது நம்ம சேமிப்பையும் நம்ம கடனையும் பத்தித்தான்.

தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சப்போ, கணக்கு எல்லாம் நோட்டுலதான். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக். இப்போ தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் லோக்ஓஎஸ் செயலியில குழுவின் விவரமும் வரவு செலவும் ஏறுது. நம்ம கூட்டமைப்பும் கடன் பதிவேட்டுக்குத் தனியா ஒரு மென்பொருள் செய்து வாங்கியிருக்கு.

நோட்டுல ஒரு தப்பு வந்தா, கூட்டத்தில வாசிக்கும்போதே யாராவது ஒருத்தி ‘எக்கா, நான் கட்டினது ஐநூறு’ன்னு சொல்லிருவா. மென்பொருள்ல தப்பு வந்தா ஒரே நாளில எல்லாக் குழுவுக்கும் அதே தப்பு வரும். கம்ப்யூட்டர் சொல்லிட்டா சரியாத்தான் இருக்கும்னு நாமளும் வாயை மூடிக்குவோம்.

அதனால என்ன ஆகும்ங்கிறதுக்கு இங்கிலாந்தில நடந்த ஒரு சம்பவம் சொல்றேன். அங்கே கிளைத் தபால் நிலையங்களை நம்மளைப் போல சாதாரண ஆட்கள் எடுத்து நடத்துவாங்க. 1999-இல் இருந்து அவங்க கணக்குக்கு ‘ஹொரைசன்’னு ஒரு மென்பொருள் வந்தது. பெட்டியில பணம் சரியா இருக்கும். மென்பொருள் மட்டும் குறைவுன்னு காட்டும். குறைஞ்ச பணத்தைக் கட்டச் சொன்னாங்க, திருட்டு வழக்கும் போட்டாங்க. 900-க்கும் மேற்பட்டவங்களுக்குக் குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது. அதுல ஒருத்தர் இந்தியாவில் இருந்து போன சீமா மிஸ்ரா. 74,000 பவுண்டு திருடினதா சொல்லி 2010 நவம்பரில் 15 மாசத் தண்டனை கொடுத்தாங்க. அப்போ அவர் ரெண்டாவது பிள்ளையை வயித்தில சுமந்திட்டு இருந்தார். 2019-இல் அந்த மென்பொருள் நம்பத் தகுந்ததா இருந்ததில்லைன்னு உயர்நீதிமன்றம் சொல்லிச்சு. 2021-இல்தான் அவர் மேல உள்ள தீர்ப்பு ரத்தாச்சு. 2024-இல் மத்தவங்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

நம்ம குழுக்களில அப்படி ஒரு நிலை வரக் கூடாது. அதுக்குத்தான் சோதனை. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில மகேந்திரகிரியில ராக்கெட் எஞ்சினை மேடையில கட்டி வச்சு எரிச்சுப் பார்த்த பிறகுதான் வானத்துக்கு அனுப்புறாங்க. கணக்கு மென்பொருளுக்கும் அதே நியாயம்தான்.

சரி, தானியங்கின்னா என்ன? ஒரு ஆள் உட்கார்ந்து பெயரைப் போட்டு, தொகையைப் போட்டு, பட்டனை அமுக்கி, வந்த விடை சரியான்னு பார்க்கிறது கைச் சோதனை. அதே வேலையை ஒரு நிரல் தானே செய்தா அது தானியங்கிச் சோதனை. 2004-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில பிறந்த ‘செலினியம்’ங்கிற இலவசக் கருவிதான் இதை உலகம் முழுக்கப் பரப்பிச்சு. அதுக்குக் கோடு எழுதத் தெரியணும். ‘லோ-கோடு’ங்கிற கருவிகளில அந்தப் பாடு குறைவு. நாம திரையில ஒரு தடவை செய்து காட்டினா, ஒவ்வொரு படியையும் கருவி குறிச்சுக்கும். பிறகு எத்தனை தடவை வேணும்னாலும் தானே ஓட்டும். தென்காசிக்குப் பக்கம் மத்தளம்பாறையில அலுவலகம் வச்சிருக்கிற ஸோஹோ நிறுவனத்துக்கும் ‘கியூஎஞ்சின்’னு இப்படி ஒரு கருவி உண்டு.

நம்ம கடன் பதிவேட்டுக்கு நாங்க சோதனைத் திட்டம் அமைச்ச விதத்தை வரிசையாச் சொல்றேன்.

முதல்ல, மென்பொருளுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கினோம். சோதனை எல்லாம் அந்த நகலில மட்டும். கற்பனைப் பெயர், கற்பனைத் தொகை. யாருடைய ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும் அதுக்குள்ள போகக் கூடாது. அரசுச் செயலியில இப்படிச் சோதிச்சுப் பார்க்கவே கூடாது. அங்கே பதிவாகிறது எல்லாம் உண்மைக் கணக்கு.

ரெண்டாவது, கருவியைத் தொடுறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதினோம். ‘இதைக் கொடுத்தா, இது வரணும்.’ ஒரு உதாரணம் பாருங்க. 10,000 ரூபாய் உள்கடன், மாசம் 100-க்கு 1 ரூபாய் வட்டி, பத்துத் தவணை. பாக்கித் தொகைக்கு மட்டும் வட்டின்னு குழு தீர்மானம். முதல் மாசம் அசல் 1,000, வட்டி 100, ஆக 1,100. ரெண்டாம் மாசம் பாக்கி 9,000, வட்டி 90, ஆக 1,090. கடைசி மாசம் வட்டி 10. மொத்த வட்டி 550. மென்பொருள் மாசா மாசம் முழுத் தொகைக்கே வட்டி போட்டா மொத்தம் 1,000 ஆயிரும். ஒரு உறுப்பினருக்கு 450 ரூபாய் நஷ்டம். அப்பவும் மென்பொருள் நிக்காது, தப்புன்னு ஒரு வார்த்தை காட்டாது. ரசீது அழகா வரும். நம்ம நகலில இதே தப்பு இருந்தது. ஒரு ரூபாய் உண்மைக் கடன் ஏறுறதுக்கு முன்னாடியே பிடிச்சுத் திருத்த வச்சோம். பிடிச்சது, பேப்பர்ல 550-ன்னு எழுதிக் கொடுத்த நம்ம கணக்காளர் அக்காதான்.

இன்னும் பல கேள்வி அவங்கதான் கொடுத்தாங்க. ஒரே குழுவில ரெண்டு செல்வி இருந்தா? தவணை 1,100 இருக்க, 500 மட்டும் கட்டினா? ரெண்டு தவணையைச் சேர்த்துக் கட்டினா? கடனோட ஒருத்தி இறந்துபோனா? நம்ம மாவட்டத்துக்கே உள்ள கேள்வியும் ஒண்ணு வந்தது. சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடைக் காலத்தில வட்டி மட்டும் வாங்கினாப் போதும்னு ஒரு குழு தீர்மானம் போட்டா, 7,000 பாக்கி உள்ளவ 70 ரூபாய்தான் கட்டணும். அசல் 7,000 அப்படியே நிக்கணும். தவணை தவறினதாகவும் காட்டக் கூடாது. கடற்கரைக் குழுவில இருக்கிறவளுக்குத்தான் இதைக் கேட்கத் தோணும். எத்தனை பெரிய எஞ்சினியருக்கும் நாம சொன்னாத்தான் தெரியும்.

மூணாவது, பதிவு. எழுதி வச்சதை நகலில ஒவ்வொண்ணா செய்து காட்டிக் கருவியில பதிஞ்சோம். இங்கே ஒரு விஷயம் முக்கியம். பட்டன் அமுக்கினதை மட்டும் பதிஞ்சா அது சோதனை ஆகாது. ‘இந்த இடத்தில 1,090 இருக்கணும்’ன்னு சரிபார்ப்பையும் சேர்க்கணும். அது இல்லேன்னா கணக்கு எவ்வளவு தப்பா வந்தாலும் கருவி பச்சை நிறம்தான் காட்டும். ரிப்போர்ட்டில பச்சையைப் பார்த்ததும் சந்தோஷப்படாதீங்க. எதைச் சரிபார்த்துப் பச்சை போட்டுதுன்னு கேளுங்க.

நாலாவது, அட்டவணை. இருபது விதக் கடனுக்கு இருபது தடவை பதிய வேண்டாம். தொகை, வட்டி, தவணை, வர வேண்டிய விடை எல்லாத்தையும் ஒரு அட்டவணையில எழுதினா, ஒரே பதிவை வரி வரியா எடுத்து ஓட்டும். புதுசா ஒரு கேள்வி வந்தா ஒரு வரி சேர்த்தாப் போதும்.

அஞ்சாவது, காத்திருக்கச் சொல்லிக் கொடுக்கிறது. பேச்சிப்பாறைக்கு மேல போனா நெட் மெதுவாத்தான் வரும். ‘மூணு செகண்ட் பொறு’ன்னு வச்சா நாலாவது செகண்டில வர்ற திரையைத் தப்புன்னு சொல்லிரும். ‘சேமிக்கிற பட்டன் வர்ற வரைக்கும் பொறு’ன்னு வைக்கணும்.

கடைசியா, மென்பொருளில எதை மாத்தினாலும் எல்லாச் சோதனையையும் முதல்ல இருந்து ஓட்டணும். சேமிப்புப் பக்கத்தில கை வச்சா கடன் பக்கம் உடையும். இந்தத் தொழிலில அது சாதாரணம். ஆள் செய்தா நாள் கணக்கில ஆகிற வேலையை ராத்திரி ஓட விட்டுக் காலையில பார்க்கலாம். தானியங்கியால வர்ற பெரிய லாபம் இதுதான்.

கருவியால முடியாததும் உண்டு. திரையில உள்ள தமிழ் நம்ம அம்மாமாருக்குப் புரியுதா, வெயிலில எழுத்து தெரியுதா, காய்ச்சுப் போன விரலுக்குப் பட்டன் அகப்படுதா? அதுக்கு ஆள்தான் வேணும். திரையை மாத்தி அமைச்சா பழைய பதிவு வேலை செய்யாமப் போகும், திருத்தி வைக்கணும். ஒரு தடவை அமைச்சுட்டு விட்டுர முடியாது.

நம்ம பிள்ளைகளுக்கு இது வேலையாகுமான்னு பலர் கேட்டாங்க. பி.காம். படிச்ச பிள்ளை லோ-கோடு கருவியை நிச்சயமாக் கத்துக்கலாம். ஆனா கருவி பழகினா மட்டும் போதாது. கணக்கும் தெரிஞ்சு, ‘இப்படி வந்தா என்ன ஆகும்?’னு கேட்கவும் தெரியணும். குழுக் கணக்கு எழுதினவளுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு.

முடிவா மூணு வேண்டுகோள். ஒண்ணு, எந்த மென்பொருள் வாங்கினாலும் சோதனைக் கேள்விகளை நம்ம கணக்காளர்கள் எழுதிக் கொடுக்கணும். விடை பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கணும். ரெண்டு, புது மென்பொருள் வந்தா மூணு மாசம் நோட்டும் கூடவே நடக்கணும்; ரெண்டும் ஒத்துப்போனா மட்டும் அடுத்த படி. மூணு, பாஸ்புக்கை யாரும் கைவிடாதீங்க. மென்பொருள் ஒண்ணு சொல்லி, பாஸ்புக் வேற சொன்னா, அந்தக் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்க. கேட்டவளைச் சந்தேகப்படாம, கணக்கைத் திரும்பப் பாருங்க.