பிள்ளைகளின் பார்வையும் நமது கடமையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது தமிழ் மரபு. ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது உவமையாகிய கண்ணைப் பற்றி அன்று. முகத்தில் உள்ள கண்ணைப் பற்றியே. நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், இடையில் நில்லாமல் படிக்க வைக்கவும் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்துவரும் கழகத்தின் மேடையில் பேசுதற்கு இது மிகவும் ஏற்ற பொருள் என்று கருதுகிறேன்.

'இவனுக்குப் படிப்பு வராது' என்னும் சொல்லை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். டாக்டர் அம்பேத்கர் அவர்கள் சிறுவராக இருந்தபோது வகுப்பறையின் மூலையில், ஒரு கோணித் துண்டின்மேல் தனியே அமர்ந்து படித்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த மூலையிலிருந்து எழுந்து நம் பிள்ளைகள் எல்லாரோடும் ஒரே பலகையில் அமர்ந்தது பெரும் போராட்டத்தின் பயன். ஆனால், இடம் கிடைத்த பிள்ளைக்குக் கரும்பலகையில் உள்ள எழுத்துத் தெரியவில்லையானால் அந்த இடத்தால் என்ன பயன்? எழுத்துத் தெரியாத பிள்ளை எழுதமாட்டான். எழுதாதவனை மந்தன் என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவனும் நம்பிவிடுவான். பிறகு அந்தப் பழி நம் சமூகத்தின் மேலேயே வந்து விழும். ஒரு கண்ணாடி தீர்த்துவைக்கும் குறையை அறிவின் குறையாக எண்ணிப் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்துவது எவ்வளவு பெரிய அநீதி! ஆகவே ஒரு பிள்ளையின் அறிவைப் பற்றி எவரும் தீர்ப்புச் சொல்லும் முன், அப்பிள்ளையின் கண்ணைச் சோதித்தாக வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

'கண் தெரியாவிட்டால் பிள்ளை சொல்லாதா?' என்று தாய்மார்கள் கேட்கலாம். சொல்லாது. பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்துவரும் பிள்ளைக்கு, உலகம் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம். ஒரு கண் நன்றாகவும் மறு கண் குறையாகவும் இருந்தால், நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். குறை பிள்ளைக்கே தெரியாது. புத்தகத்தை முகத்தருகே பிடிப்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்ப்பது, அடுத்த பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுவது ஆகியவை அடையாளங்கள். அடையாளமே இல்லாமலும் குறை இருக்கலாம். ஆதலால் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதித்தால்தான் உண்மை விளங்கும்.

இங்கே ஒரு நோயைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். மருத்துவர்கள் இதை 'ஆம்ப்ளியோப்பியா' என்பர். 'சோம்பேறிக் கண்' என்றும் வழங்குகிறார்கள். பெயர் பொருத்தமன்று, கண்ணும் சோம்பேறியன்று, பிள்ளையும் சோம்பேறியன்று. மாறுகண்ணாலோ, ஒரு கண்ணில் மட்டும் மிகுதியாக உள்ள பார்வைக் குறையாலோ, பிறவிக் கண்புரையாலோ ஒரு கண்ணிலிருந்து தெளிவான உருவம் மூளைக்குச் செல்வதில்லை. மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. ஹியூபெல், வீசல் என்னும் இரு அறிஞர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளமையிலேயே மூடிவைத்து ஆராய்ந்தனர். பின்னர் திறந்தபோது, கண்ணுக்குக் கேடில்லை. ஆயினும் மூளை அதனைப் பயன்படுத்தக் கற்றிருக்கவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு இக்கேடு நேரவில்லை. இத்தகைய ஆய்வுகளுக்காக அவர்கள் 1981-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர். வாய்ப்பு மறுக்கப்பட்ட கண் பார்க்கக் கற்பதில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களைப் பற்றி நாம் சொல்லிவருவதும் இதுவே அன்றோ!

இதற்கு மருத்துவம் உண்டு. முதலில் சரியான கண்ணாடி. சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி ஒன்றே போதும். போதாதவர்க்கு நல்ல கண்ணை நாள்தோறும் சிறிது நேரம் ஒட்டுத்துணியால் மூடி, குறைக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். பிரெஞ்சு அறிஞர் புஃபோன் 1743-ஆம் ஆண்டிலேயே இம்முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், நடுத்தர அளவிலான குறைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடுவதே 6 மணி நேரம் மூடுவதற்கு ஈடான பயனைத் தந்தது. கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு இது நல்ல செய்தி. மாலையில் வீடு திரும்பியபின் இதைச் செய்யலாம். எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஏழு வயதுக்கு முன் தொடங்குவதே சிறப்பு. எனினும் அதற்கு மேற்பட்ட சிறுவர் சிலருக்கும் பயன் உண்டு என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆதலால் 'காலம் கடந்துவிட்டது' என்று பெற்றோர் தாமே முடிவு செய்துவிடலாகாது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி வாளாவிருப்பதும் தவறு. கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் காத்திராமல் கண் மருத்துவரிடம் செல்க. அது கண்புரையாகவும் இருக்கலாம், உயிருக்கே கேடு விளைக்கும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

ஒட்டுத்துணியோடு வரும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் ஏளனம் செய்வார்கள். 'கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்கள்?' என்று பாட்டிமார் கேட்பார்கள். அப்பேச்சுக்கு அஞ்சி ஒரு பெண்ணின் கல்வியையே பறிகொடுப்பதா? இளைஞர்களே, இங்கேதான் உங்கள் துணை வேண்டும்.

பார்வைப் பயிற்சி பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். அருகில் உள்ளதைப் படிக்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். சிலருக்கு அது இயலாமல் எழுத்து இரண்டாகத் தெரியும், தலைவலி வரும். இவர்களுக்குப் பயிற்சி பயன்படும். 2008-இல் வெளியான ஆய்வில், 12 வாரங்கள் மருத்துவமனையில் முறையாகப் பயிற்சி பெற்று வீட்டிலும் செய்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் தேறினர். ஆனால் அதே பயிற்சி, படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனைத் தனியே உயர்த்தவில்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எனவே, 'கண்ணாடியைக் கழற்ற வைக்கிறோம், பயிற்சியால் மதிப்பெண் கூட்டுகிறோம்' என்று விளம்பரம் செய்வோரிடம் உழைத்த காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

பெரியவர்களுக்கும் சில சொற்கள். நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயற்கை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கிட்டத்துக் கண்ணாடி பெற்ற தொழிலாளர்களின் உழைப்புப் பயன், பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு மிகுதியாக உயர்ந்தது. கைவேலையை நம்பி வாழ்வோர்க்குக் கண்ணாடி கூலியும் ஆகும் என்பதை இதனால் அறிக. கண்புரையை அறுவை செய்து செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை மீளும். 1976-ஆம் ஆண்டு மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992 முதல் அவ்வில்லைகள் குறைந்த விலையில் இங்கேயே செய்யப்பட்டு, அது ஏழைக்கும் எட்டும் மருத்துவமாயிற்று. 1819-இல் தொடங்கப்பெற்று, இப்போது சென்னை எழும்பூரில் விளங்கிவரும் அரசு கண் மருத்துவமனையும் நமக்கு உரியதே. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அண்ணல் அம்பேத்கரும் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவாலும் பார்வைக் குறைவாலும் வருந்தினார். கதிரடிக்கும்போது உமியோ சருகோ கண்ணில் பட்டால் எருக்கம்பாலையோ தாய்ப்பாலையோ விடாதீர்கள். உடனே மருத்துவரை நாடுங்கள்.

இனி, நம் கழகம் செய்யத்தக்க பணிகளைச் சொல்லி முடிக்கிறேன். ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் நம் குடியிருப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதிக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டா. டச்சு மருத்துவர் ஸ்நெல்லன் 1862-இல் வகுத்த எழுத்து அட்டை ஒன்று, 6 மீட்டர் அளந்த கயிறு ஒன்று, நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற இளைஞர் இருவர் போதும். எழுத்தறியாக் குழந்தைகளுக்கு 'ஈ' வடிவ அட்டை உண்டு. அதன் கால்கள் எப்பக்கம் நோக்குகின்றன என்று குழந்தை கைகாட்டினால் போதும். அங்கன்வாடிக் குழந்தைகளையும் விட்டுவிடலாகாது. காலம் கைகூடும் வயது அதுவே. அங்கே ஆறு மாதத்துக்கொரு முறை தரும் வைட்டமின் 'ஏ' மருந்தைத் தவறாமல் கொடுத்து, முருங்கைக்கீரையும் பப்பாளியும் உண்ணச் செய்தால் மாலைக்கண் நெருங்காது. குறை கண்டவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதோடு பணி முடிவதில்லை. கண்ணாடியை அணிகிறார்களா, ஒட்டுத்துணி போடுகிறார்களா என்பதை மாதந்தோறும் பார்த்து ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அரசு பள்ளிகள் வழியாகத் தரும் இலவசக் கண்ணாடியைச் சலுகையாக அன்று, உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தேடித் தந்தது இதுவரை நாம் செய்த பணி. அந்த இடத்திலிருந்து கரும்பலகை தெளிவாகத் தெரியச் செய்வது இனி நாம் செய்ய வேண்டிய பணி. அதன் பின்னும் ஒரு பிள்ளை பாடத்தில் பின்தங்கினால், எப்படிக் கற்பிப்பது என்று பேசுவோம். படிப்பு வராது என்று மட்டும் எவரையும் சொல்லவிடமாட்டோம்.