ஒளியைப் படித்த மளிகைக் கடைக்காரர் மகன்



கோடைக்காலத்தில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருப்பீர்கள். அமாவாசை இருட்டில் வானத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். பால் சிந்தியது போல இருக்கும். அதைப் பால்வீதி என்கிறோம். ஆகாய கங்கை என்றும் சொல்வதுண்டு. வங்காளிகள் அதைச் 'சாயாபத்' என்பார்கள். நிழல் பாதை என்று பொருள்.

அது பாலும் அல்ல, மேகமும் அல்ல. அது நட்சத்திரக் கூட்டம். அதில் 10,000 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் இருக்கின்றன. நம் சூரியனும் அவற்றில் ஒன்றுதான். ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அந்த ஒளியே இந்தக் கூட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்ச் சேரச் சுமார் ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும்.

இந்தக் கூட்டம் என்ன வடிவத்தில் இருக்கிறது? தீபாவளிக்குத் தரைச்சக்கரம் விடுகிறோம். அது சுழலும்போது தீப்பொறிகள் வளைந்து வளைந்து பறக்கும். பால்வீதியின் வடிவமும் ஏறக்குறைய அப்படித்தான். நடுவில் நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கின்றன. அதைச் சுற்றிச் சுருள் சுருளாகக் கைகள் நீள்கின்றன.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வெளியே போய் யாரும் பார்க்கவில்லை. போகவும் முடியாது. நாம் அதற்குள்ளேதான் இருக்கிறோம். ஓர் ஊரின் நடுத்தெருவில் நிற்கிறீர்கள். அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆனால் ஊர் முழுவதற்கும் படம் வரைய வேண்டும். போதாததற்கு எங்கும் புழுதி மறைக்கிறது. விஞ்ஞானிகளுக்கு இருந்த சங்கடம் இதுதான்.

இந்தச் சங்கடம் தீர உதவியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். அவர் பெயர் மேகநாத சாகா.

சாகா 1893-ல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. தந்தை சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். வீட்டில் எட்டுக் குழந்தைகள். மகன் ஆரம்பப் பள்ளியை முடித்ததும் கடைக்கு வரட்டும் என்று தந்தை நினைத்தார். ஏழை வீட்டில் வேறு என்ன நினைக்க முடியும்?

ஆனால் அண்ணன் விடவில்லை. தம்பியைப் படிக்க வைக்க வழி தேடினார். வேற்றூரில் ஒரு மருத்துவர் தம் வீட்டில் தங்க இடமும் சாப்பாடும் தர முன்வந்தார். அந்த வீட்டில் சிறுவன் சாகா மாட்டைப் பார்த்துக்கொண்டான். தன் தட்டைத் தானே கழுவினான். படித்தான்.

பிறகு டாக்காவில் உதவித்தொகையோடு பள்ளியில் சேர்ந்தான். 1905-ல் வெள்ளையர் அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. மக்கள் கொதித்தார்கள். ஆங்கிலேய கவர்னர் வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். சாகாவும் அதில் இருந்தான். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். உதவித்தொகையும் போயிற்று. வேறொரு பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டது. படிப்பு நிற்கவில்லை.

1911-ல் சாகா கல்கத்தாவுக்கு வந்தார். இன்று அதன் பெயர் கொல்கத்தா. அங்கே மாநிலக் கல்லூரியில் படித்தார். விடுதியில் சிலர் சாதியைக் காரணம் காட்டினார்கள். அவரோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அந்த அவமானத்தையும் தாங்கிக்கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். 1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் ஆசிரியரானார்.

அவர் என்ன கண்டுபிடித்தார்?

சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியாக விட்டால் ஏழு நிறமாகப் பிரியும். நன்றாக உற்றுப் பார்த்தால் அதன் நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திர ஒளியிலும் இப்படிக் கோடுகள் உண்டு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் கோடுகள் வேறுபடும். ஏன் வேறுபடுகின்றன என்பது சரியாக விளங்கவில்லை. எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் படிக்கத் தெரியவில்லை. அந்த நிலை எப்படிப்பட்டது என்று இங்கே பலருக்குத் தெரியும்.

சாகா அந்த எழுத்தைப் படிக்கும் வழியைச் சொன்னார். அணுவுக்குள் எலக்ட்ரான் என்ற நுண்துகள்கள் உண்டு. வெப்பம் ஏற ஏற அவை அணுவை விட்டுப் பிரியும். அப்போது கோடுகளும் மாறும். எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு பிரியும் என்று கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். அது 1920-ல் வெளியானது. கோடுகளைப் பார்த்தே நட்சத்திரத்தின் வெப்பத்தைச் சொல்ல வழி பிறந்தது. 1925-ல் செசிலியா பெய்ன் என்ற பெண் விஞ்ஞானி இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினார். நட்சத்திரங்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன் என்று காட்டினார்.

சரி, இதற்கும் பால்வீதிப் படத்துக்கும் என்ன தொடர்பு?

தொலைவில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அதன் உண்மையான வெளிச்சம் நமக்குத் தெரியும். எனவே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிடலாம். நட்சத்திரமும் அப்படித்தான். கோடுகளைக் கொண்டு அது எந்த வகை என்று அறியலாம். அந்த வகைக்கு உண்மையான வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்தால் தூரத்தைக் கணக்கிடலாம்.

மிகவும் சூடான நட்சத்திரங்கள் நீல நிறமாக இருக்கும். அவற்றுக்கு ஆயுள் குறைவு. பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போவதற்குள் அழிந்துவிடும். பெரும்பாலும் அவை பிறக்கும் இடம் சுருள் கைகள்தான். ஆகவே நீல நட்சத்திரங்களைப் புள்ளி வைத்தால் கைகள் தெரியும். புள்ளி வைத்துக் கோலம் போடுவது போலத்தான். 1951-ல் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் மார்கனும் அவருடைய மாணவர்களும் இப்படி வரைந்து காட்டினார்கள். நமக்கு அருகில் உள்ள கைகளின் துண்டுகள் தெரிந்தன. சபையே எழுந்து கை தட்டியது.

அதே 1951-ல் ஹைட்ரஜன் வாயுவிலிருந்து வரும் ரேடியோ அலையைக் கண்டுபிடித்தார்கள். அந்த அலையின் நீளம் 21 சென்டிமீட்டர். புழுதி ஒளியை மறைக்கும். ஆனால் இந்த அலையை மறைக்காது. அதனால் தூரத்துக் கைகளும் படத்தில் சேர்ந்தன. 2013-ல் ஐரோப்பியர்கள் காயா என்ற விண்கலத்தை அனுப்பினார்கள். 2025 வரை அது வேலை செய்தது. 100 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்தது.

இவற்றால் நம் முகவரி தெரிந்தது. பால்வீதியின் நடுவிலிருந்து சுமார் 26,000 ஒளி ஆண்டு தொலைவில் இருக்கிறோம். ஓரையன் கை என்ற சிறிய கையில் இருக்கிறோம். சூரியன் பால்வீதியை ஒருமுறை சுற்றி வர 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் படம் முடியவில்லை. பெரிய கைகள் நான்கா, இரண்டா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

சாகா கொல்கத்தாவில் ஓர் அணு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அது இன்று அவர் பெயரால் விளங்குகிறது. 1952-ல் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1956-ல் அவர் காலமானார்.

நண்பர்களே! அன்று அண்ணன் வழி தேடாமல் இருந்திருந்தால் சாகா மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பார். நம் தெருவிலும் மாடு மேய்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடையில் எடுபிடி வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஓர் அண்ணன் வேண்டும், ஓர் அக்கா வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

ஆடி, ஆவணி மாதங்களில் வானம் தெளிந்த அமாவாசை இரவில் தெற்கே பாருங்கள். பால்வீதி அடர்த்தியாகத் தெரியும். அதன் நடுப்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.