பழவேற்காடு: ஒரு காயலின் பெயர்கள்



மலாய் நண்பர்கள் வீட்டில் உடுத்தும் கட்டமிட்ட கைலியைக் 'கைன் பெலிக்காட்' என்று அழைப்பதை நாம் அறிவோம். 'கைன்' என்றால் துணி. 'பெலிக்காட்' என்பது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே, ஓர் உவர்நீர்ப் பரப்பின் தென்கரையில் உள்ள பழவேற்காடே அவ்வூர். அங்கிருந்து கப்பலேறிய துணியோடு ஊர்ப்பெயரும் இங்கு வந்து நிலைத்துவிட்டது.

அந்த நீர்ப்பரப்பின் அமைப்பை முதலில் காண்போம். தெற்கு வடக்காக அது ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாக அதனைக் கூறுவர். பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு, வங்கக் கடலுக்கும் அதற்கும் இடையே கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் உவர்ப்புக் குறையும், கோடையில் மிகும். இக்கலப்பில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. பூநாரைகளும் இரை தேடி வருகின்றன.

இனி, பெயருக்கு வருவோம். சிலர் இதனைப் 'பழவேர்க்காடு' என எழுதுகின்றனர். வேர் என்னும் சொல்லோடு காடு சேர்ந்தால் வேர்க்காடு ஆகும். வேல் என்னும் சொல்லோடு காடு சேர்ந்தால், லகரம் றகரமாகத் திரிந்து வேற்காடு ஆகும். திருவேற்காடு என்னும் ஊர்ப்பெயரிலும் இப்புணர்ச்சியையே காண்கிறோம். ஆகவே, வேலமரங்கள் அடர்ந்த பழைய காடு என்னும் பொருளே வழக்கிலுள்ள எழுத்துக்குப் பொருந்துகிறது. ஓரெழுத்து மாறினால், அவ்விடத்தில் நின்ற மரமே மாறிவிடுகிறது. தெலுங்கு வழக்கில் இக்காயலுக்குப் பிரளயகாவேரி என்ற பெயரும் உண்டு.

கடல்வழி வந்தோர் நாவில் பழவேற்காடு 'புலிக்காட்' ஆயிற்று. ழகரம் லகரமாயிற்று, வேலமரம் மறைந்தது. ஒல்லாந்தர் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரைத் துணியை ஏற்றிச்சென்று, தென்கிழக்காசியத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றினர். 1824ஆம் ஆண்டின் ஆங்கிலேய–ஒல்லாந்த உடன்படிக்கை, மலாக்காவையும் பழவேற்காட்டையும் ஒருசேர ஆங்கிலேயர் கைக்கு மாற்றியது. இவ்விரு கரைகளின் வரலாறும் ஒரே தாளில் எழுதப்பட்டதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

நாம் சிறப்பாக எண்ண வேண்டியது இன்னொரு சொல்லை. பாடநூல்களும் நிலப்படங்களும் இதனைப் 'பழவேற்காடு ஏரி' என்கின்றன. தமிழில் ஏரி என்றதும், கரை கட்டி, மதகு வைத்து, பாசனத்துக்கு நீர் தேக்கிய இடமே நினைவுக்கு வரும். கடலோடு கலந்து வாழும் நீர்நிலைக்குக் கழி, காயல் என்னும் சொற்கள் நம்மிடம் உள்ளன. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஏரியின் வாயை அடைத்தால் நீர் பெருகும். காயலின் வாய் அடைபட்டால் உயிர் குன்றும். முகத்துவாரத்தை மணல் மூடும்போது மீன்வரத்துக் குறைவதை அங்குள்ள மீனவர்கள் நன்கறிவர். அவர்களே மண்வெட்டி எடுத்து அதைத் திறக்க முயன்றதும் உண்டு. ஏரி என்று மட்டும் கற்ற மாணவருக்கு, அம்மீனவர் ஏன் மணலை வெட்டுகிறார் என்பது விளங்காது.

மக்கள் நாவில் நிலைத்த பெயரை மாற்றுமாறு நாம் கேட்கவில்லை. வகுப்பறையில் அந்நிலப்படத்தை விரிக்கும்போது, "இதனை ஏரி என்பர், இயல்பால் இது காயல்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். வேற்காட்டின் றகரத்தையும் பிழையின்றி எழுதச் செய்யுங்கள். சொல் சரியாக இருந்தால், இடத்தைப் பாராதவர்க்கும் அதன் இயல்பு புலப்படும்.