புகைச் சோதனையில் தேறாத கார்



செபராங் பிறையில் நம்மிடம் படித்த மாணவர் ஒருவர், தொழிற்சாலையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். 1980களில் செய்யப்பட்ட இரண்டு கதவு வண்டி அது. ஒரு நாள் பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குப் போனபோது, சாலையோரப் புகைச் சோதனையில் கார் தேறவில்லை. ஒரு பட்டறையில், "இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், நாலாயிரம் வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டு நம்மிடம் வந்தார். "முதலில் சோதனைத் தாளைக் காட்டு, தம்பி" என்றோம்.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1996இல் பெட்ரோல் வண்டிகளுக்கும் டீசல் வண்டிகளுக்கும் தனித்தனிப் புகை விதிகள் வந்தன. டீசல் வண்டியில் புகையின் கருமையை அளக்கிறார்கள். பெட்ரோல் காரில், புகைக்குழாய்க்குள் ஒரு குழலை விட்டு இரண்டு பொருள்களை அளக்கிறார்கள். ஒன்று கார்பன் மோனாக்சைடு. மற்றொன்று எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவி. இதனை ஹைட்ரோகார்பன் என்பார்கள்.

இவை ஏன் கூடுகின்றன? மண்ணெண்ணெய் விளக்கை நினைத்துப் பாருங்கள். திரியை அளவுக்கு மேல் தூண்டினால் கண்ணாடி கரி பிடிக்கும். எண்ணெய் மிகுதி, காற்று போதவில்லை என்பது பொருள். காரிலும் இதே கதைதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு கூடும்.

பெட்ரோல் ஆவி மட்டும் கூடினால் காரணம் வேறு. தீப்பொறி சரியாக விழவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக், அதற்குப் போகும் கம்பி, பொறி விழும் நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய் வெடித்து வேண்டாத காற்று உள்ளே புகுந்தாலும் இப்படி ஆகும். புகை நீலமாக வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. அப்போதுதான் இஞ்சினைப் பிரிக்கும் பேச்சு வரலாம்.

தம்பியின் தாளில் கார்பன் மோனாக்சைடு மிகவும் கூடியிருந்தது. பெட்ரோல் ஆவி சற்றே கூடியிருந்தது. நீலப் புகையும் இல்லை. ஆகவே காற்றுப் பாதையைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, ஜெலுத்தோங்கில் ஒரு சீனப் பெரியவரின் பட்டறைக்குச் சென்றோம். காற்று வடிகட்டியை எடுத்தார். தூசி அடைத்து அட்டைபோல் இருந்தது. அதன் கீழே, கார்புரேட்டரின் வாயில் உள்ள சோக் தகடு பாதி மூடியபடியே சிக்கிக் கிடந்தது. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தகடு அது. சூடான பின்னும் திறக்காவிட்டால், திரியைத் தூண்டியபடியே விட்ட விளக்கின் கதைதான்.

வடிகட்டி மாற்றினார், தகட்டைத் துடைத்து விடுவித்தார், கலவையைச் சரிசெய்தார். இஞ்சினை நன்றாகச் சூடாக்கி மறுபடி அளந்தபோது அளவு இறங்கிவிட்டது. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.

பெற்றோர்களே, இதில் ஒரு வரிசை உண்டு. முதலில் தாளைப் படியுங்கள். பிறகு வடிகட்டி, பிளக், குழாய் போன்ற மலிவான பொருள்களைப் பாருங்கள். விலை உயர்ந்தவற்றைக் கடைசியில் பாருங்கள். பிற்காலக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும். தீப்பொறிக் குறையைத் தீர்க்காமல் புதிய கன்வெர்ட்டர் போட்டால், எரியாத பெட்ரோல் அதனுள் எரிந்து அதையும் கெடுத்துவிடும். சோதனைக்காக மட்டும் திருகாணியைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைத்துத் தருகிறேன் என்பாரையும் நம்ப வேண்டாம். கலவை அளவுக்கு மீறி மெலிந்தால் இஞ்சின் இழுக்காமல் திணறும்.

இறுதியாக ஒன்று. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மூடிய கொட்டகையில் காரைக் கிளப்பி வைக்காதீர்கள். இஞ்சின் ஓடும் காருக்குள் பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள். புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் அன்றே அடையுங்கள். ஓட்டும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி, எல்லாரும் வெளியே இறங்குங்கள்.

அபராதத்துக்கு அஞ்சிப் புகையைப் பார்ப்பதைவிட, உள்ளே உட்காரும் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பதே நல்லது.