எங்கள் கண்மாயும் வேலிக்கருவையும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கிறதோடு சரி. கண்மாயில் நாங்கள் செய்ததைச் சொல்லச் சொன்னார்கள். தப்பாச் செஞ்சதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

நாம் வேலிக்கருவை என்று சொல்வதைத்தான் அரசாங்க நோட்டீஸில் சீமைக்கருவேலம் என்று போடுகிறார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கொண்டுவந்தது. ஆடு மாடு இதோட இலையைச் சீண்டாது, நெற்றை மட்டும் ஆசையாத் தின்னும். கொட்டை செரிக்காமல் சாணியோடும் புழுக்கையோடும் வந்து விழும். எருவோடு சேர்த்து விதைச்ச மாதிரிதான். மாடு ஓட்டிப் போன வழியெல்லாம் நாமேதான் விதைத்திருக்கிறோம் என்பது எனக்கு ரொம்பப் பின்னாடிதான் புரிஞ்சது.

காற்றில் உள்ள ஈரத்தை இந்த மரம் உறிஞ்சும், ஆடு மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருது. அதையெல்லாம் நான் சொல்ல வரல. கண்ணால் பார்த்ததே போதும். கண்மாய்க்குள்ள ஆள் நுழைய முடியாம அடைச்சுக்கிச்சு. அடியில் புல் பூண்டு இல்ல. மடையைத் திறக்கப் போறவர் முள்ளுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு போகணும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டப்போ எங்கள் ஊருக்கும் ஜேசிபி வந்தது. ரெண்டு நாளில் கண்மாய் வெட்டவெளி ஆச்சு. எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். மழை பெய்ததும் போய்ப் பார்த்தால், ஒடிச்சு விட்ட ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுக் கொம்பு தளிர்த்து நிற்குது. ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதர். அதைவிட வயிற்றெரிச்சல், அந்த வண்டி நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. கொக்கு கூடு கட்டின மரங்கள். எல்லாம் முள்ளுமரம்தானே என்று நாங்களும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னோம்.

அதனால் அடையாளம் சொல்றேன், கேட்டுக்குங்க. நாட்டுக் கருவேலத்துப் பூ மஞ்சளா, உருண்டையா இருக்கும். நெற்று விதைக்கு விதை இடுக்கி, பாசிமணி கோத்த மாதிரி இருக்கும். வேலிக்கருவைப் பூ திரி மாதிரி நீளம். நெற்று பழுத்தா மஞ்சளாகி இனிக்கும்.

அப்புறம் எங்கள் குழுக்கள் சேர்ந்து கிராம சபையில் மனு கொடுத்து, நாங்களே இறங்கினோம். மழை பெய்து மண் இளகின பிறகுதான் வேலை. மேலே வெட்டி விட்டுட்டு வரக்கூடாது. தூரைச் சுற்றிக் கடப்பாரையால் தோண்டி, மண்ணுக்குக் கீழே வேரோடு எடுக்கணும். சின்ன முளையை ஈரத்தில் கையாலேயே பிடுங்கிடலாம். ஒரு வெயில் காலம் விட்டாப் போச்சு, ஆணிவேர் இறங்கிடும்.

வேலை தொடங்கின மூணாம் நாள் எங்கள் குழு அக்கா ஒருத்தர் வந்து கரையில் உட்கார்ந்துட்டாங்க. வீட்டுக்காரர் இல்லாத அம்மா. இந்த மரத்தை மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் பொண்ணைப் படிக்க வச்சாங்க. "நீ பறவைக்கு மரம் வளர்க்கிற. என் அடுப்புக்கு என்ன வழி சொல்றே?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. சிலிண்டர் இருக்கேன்னு சொல்ல வாய் எடுத்து அடக்கிக்கிட்டேன். சிலிண்டர் விலை எனக்கும் தெரியும்.

கடைசியில் கூட்டம் போட்டு, மடைப் பக்கமும் வரத்துக் கால்வாயும் முதலில் என்று முடிவு செய்தோம். தெற்குப் பக்கத்தை அப்படியே விட்டிருக்கோம். எடுத்த விறகில் முதல் உரிமை கரி போடுறவங்களுக்கு. இது நல்ல ஏற்பாடுன்னு சொல்ல மாட்டேன். தெற்கே இருந்து கொட்டை வந்துக்கிட்டேதான் இருக்கு. அந்த அக்கா இன்னும் என்கிட்ட முன்ன மாதிரி பேசறதில்ல.

எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி அதுதான் முளைக்கும். அதனால் கண்மாய்க்குள்ள நாட்டுக் கருவேலம் போட்டோம், அது தண்ணியில் நிற்கும். ஓரத்தில் மருதம், நாவல், புங்கன். கரையின் வெளிச்சரிவில் நொச்சி, ஆவாரை, பனை. ஆட்டுக்குப் பயந்து, நெற்றை உதிர்த்துட்டு வேலிக்கருவை முள்ளையே கன்றுகளைச் சுற்றி வச்சோம். அந்த மரத்தால் அப்படி ஒரு உபயோகம்! அப்படியும் நட்டதில் பாதிதான் தப்பிச்சது. பனங்கொட்டை மாசக்கணக்கா முளைக்கலையேன்னு ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். வேர் ஒரு முழத்துக்கு மேல் கீழே போயிருந்தது. பனை முதலில் கீழேதான் போகும், ஓலை அப்புறம்தான் தலை காட்டும். தோண்டினதில் அந்த ஒன்று செத்துப்போச்சு. என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க.

ஐப்பசி மழை பெய்து மண் இளகினதும் முளை பிடுங்கப் போறோம். பார்க்க வர்ற ஊர்க்காரங்க வரலாம், கையுறையும் செருப்பும் கட்டாயம். நாட்டுக் கருவேல விதை எங்கள் குழுவில் ஒரு சாக்கு இருக்கு. வேணுங்கிறவங்க வாங்கிக்குங்க. கொதிக்க வச்சு இறக்கின தண்ணியில் போட்டு, ஒரு ராத்திரி அப்படியே ஊற விட்டு, மறுநாள் ஊன்றுங்க.