பொற்காசும் புகைவண்டியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மை இம்மேடையில் ஏற்றியது சங்கத்தாரின் அன்பேயன்றி நம் தகுதியன்று. பழைய மோட்டார் வண்டிகளின் உருவத்தைப் பொறித்த தங்க நாணயங்களை அயல்நாடுகளில் விற்கிறார்களாம். அவற்றை வாங்கிச் சேர்த்தல் நன்றா என்று நம் காலனி இளைஞர் சிலர் வினவினர். அவ்வினாவே இன்றைய உரைக்குப் பொருளாயிற்று.

ஊர்தியைக் காசிற் பொறிப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே சாதவாகன மன்னர் இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த காசுகளை வெளியிட்டனர். அவை சோழமண்டலக் கடற்கரைப் பகுதியில் கிடைத்துள்ளன. கடல் வாணிகத்தின் பெருமையைக் கூறும் அக்காசுகள் பொன்னாலானவை அல்ல. ஈயம் போன்ற எளிய உலோகத்தாலானவை. சந்தையில் உப்பும் புளியும் வாங்குவோன் கையிலும் அக்கப்பல் தவழ்ந்திருக்கும் அன்றோ?

இக்காலத்து வழக்கம் வேறு. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச நாணயச்சாலை, ஜேம்ஸ் பாண்டு திரைப்படங்களில் வரும் ஆஸ்டன் மார்ட்டின் காரைப் பொறித்து நாணயங்கள் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று 7 கிலோ எடையுள்ள பொன் நாணயம்! அதன்மேல் குறித்த மதிப்போ 7,000 பவுண்டு. அதிலுள்ள தங்கத்தின் விலை அதனினும் பன்மடங்கு. 7,000 பவுண்டுக்கு அதனை எந்தக் கடையில் எவர் மாற்றுவார்? பெயரால் அது நாணயம். செயலால் அது பெட்டகப் பொருள். பிளையிங் ஸ்காட்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற இரயில் எஞ்சினின் நூற்றாண்டை முன்னிட்டு 2023இல் அந்நாணயச்சாலையே 2 பவுண்டு நாணயமும் வெளியிட்டது.

நம் நாடு என் செய்தது? 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானாவுக்கு முதற் பயணிகள் வண்டி ஓடியது. அதன் 150ஆம் ஆண்டு நிறைவுக்காக 2003இல் இந்திய அரசு சிறப்பு நாணயங்கள் வெளியிட்டது. சேகரிப்போர்க்கென வெள்ளி கலந்த 100 ரூபாய் நாணயம் ஒன்று. மக்கள் புழக்கத்திற்கு 2 ரூபாய் நாணயம் ஒன்று. இரயில்வேயின் சின்னமாகிய போலு என்னும் யானைக்குட்டி கார்டு உடையணிந்து, கையில் விளக்கேந்தி அதில் நிற்கும். மீன் வாங்கிய சில்லறையிலும் அது நம் வீடு வந்து சேர்ந்தது. நம் தொழிலின் பெருமையை இரண்டு ரூபாயில் குழந்தைகட்குக் காட்ட முடிந்தது.

இனி, இல்லத்தரசியர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று. நாம் பவுன் என்றும் சவரன் என்றும் வழங்குவது ஆங்கில நாணயம் ஒன்றன் பெயரே. ஏறத்தாழ 8 கிராம் எடையும் 22 காரட் மாற்றும் உடைய அந்நாணயம் 1918இல் பம்பாயிலும் அடிக்கப்பட்டது. நம் பாட்டிமார் அதனைக் காசுமாலையாகக் கோத்தணிந்தபோது அரசர் முகத்திற்கெனத் தனிவிலை கேட்டாரில்லை. எடையையும் மாற்றையுமே நோக்கினர். அவ்வறிவு இன்றும் வேண்டும். சேகரிப்பு நாணயம் வாங்குங்கால், தங்கத்தின் விலை, செய்கூலி, வரி ஆகியவற்றோடு, "குறைந்த எண்ணிக்கையே வெளியீடு" என்னும் பெருமைக்கும் நாம் பணம் கொடுக்கிறோம். விற்கச் செல்லும்போதோ நகைக்கடைக்காரர் தராசில் வைப்பது தங்கத்தை மட்டுமே. அழகிய பெட்டியும் சான்றிதழும் தராசில் ஏறா. அப்பெருமைக்கு விலை கொடுக்க, அதே ஆர்வமுள்ள மற்றொரு சேகரிப்பாளரைத் தேடிப்பிடிக்க வேண்டும். வங்கியில் வாங்கிய தங்கக் காசைக்கூட அவ்வங்கி பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை. ஆதலின் பெண்ணின் திருமணத்திற்குச் சேர்ப்பது வேறு, ஆசைக்குச் சேர்ப்பது வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து மயங்குதல் மாதச் சம்பளக்காரர் குடும்பத்திற்கு ஆகாது.

அவ்வாறாயின் ஊர்திகளின் பெருமையைப் போற்ற வேண்டாவோ எனின், வேண்டும். சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 2014 வரை உற்பத்தியான அம்பாசடரும் நம் வாழ்வோடு கலந்தவை. கோவையில் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகளை முழு உருவோடு காணலாம். எர்ணாகுளத்தில் வண்டியேறினால் அரை நாளுக்குள் கோவை சேர்ந்துவிடலாம்.

பொன்னுக்கும் ஊர்திக்கும் உள்ள உறவில், நாம் குடியேறி வாழும் இக்கொச்சிக்கு ஈடான ஊர் பிறிதுண்டோ? கொச்சி மன்னர் இராஜரிஷி இராமவர்மர் ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்திற்கு இருப்புப்பாதை அமைக்க விரும்பினார். பணம் போதவில்லை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் ஆலயத்தில் விழாக்காலத்து யானைகளுக்கு அணிவிக்கும் பொன் நெற்றிப்பட்டங்கள் பதினைந்து இருந்தன. அவற்றுள் பதினான்கை விற்றுப் பாதைக்குப் பொருள் திரட்டினார் என்பது இந்நாட்டார் நன்றியோடு கூறிவரும் வரலாறு. 1902 சூலையில் பயணிகள் வண்டி எர்ணாகுளம் வந்தது. பாலங்கள் இல்லாத அந்நாளில் மட்டாஞ்சேரியினர் காயலைப் படகிற் கடந்தே அந்நிலையத்தை அடைந்தனர்.

ஒரு பக்கம், வண்டியைக் காட்டிப் பொன்னை விற்கிறார்கள். இங்கோ பொன்னை விற்று வண்டியை ஓட்டினார்கள். யானையின் நெற்றியில் ஆண்டிற்குச் சில நாள் மின்னிய தங்கம், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இருப்புப்பாதையாக நீண்டு, ஏழை எளியவரையும் சுமந்தது. பாலக்காட்டுக் கணவாய் கடந்து தமிழ் மக்கள் எளிதில் இவ்வூர் வந்து பிழைக்க வழி செய்ததும் அப்பாதையே. அம்மன்னரின் ஈகைக்குப் பொன்முத்திரை வேறு வேண்டுவதில்லை. நாம் உண்ணும் சோறே சான்று.

ஆயினும் உயர்நீதிமன்றத்தின் பின்புறமுள்ள அப்பழைய நிலையம் பயணிகள் வண்டியைக் காணாமல் பல்லாண்டு புதர் மண்டிக் கிடந்தது. 1925இல் காந்தியடிகள் வந்திறங்கிய இடம் அது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

ஆதலின் நம் வேண்டுகோள் இது. சங்க நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பேழை வைப்போம். போலு நாணயம், பழைய அட்டைப் பயணச்சீட்டு, ஓய்வுபெற்ற பெரியவர் வீட்டிலுள்ள கைவிளக்கு, கால அட்டவணை ஆகியவற்றை அதில் சேர்ப்போம். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்நிலையத்தைக் காட்டுவோம். தங்கம் வாங்க இயன்றவர் எடை பார்த்து வாங்கட்டும்; வரலாற்றை எல்லாரும் சேர்க்கட்டும்.