எவர்சில்வரில் விழும் புள்ளி

செஞ்சிக் கடைத்தெருவில் எவர்சில்வர் குடம் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை. அது வெறும் அழகு இல்லைங்க, பாதுகாப்பும்கூட.

எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உலோகத்தை மூடிக்கொள்கிறது. கீறினாலும் படலம் மறுபடி வளர்ந்துவிடும். உப்புத் தண்ணீரிடம்தான் தோற்றுப்போகும். சொரசொரப்பான பரப்பில் இருக்கும் நுண்பள்ளங்களில் உப்புநீர் தங்கி, காய்ந்து, செறிவாகும். குளோரைடு படலத்தைத் துளைக்கும். மேலே ஊசிமுனைப் புள்ளி. உள்ளே அமிலம் ஊறி, குழி ஆழமாகிக்கொண்டே போகும்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயவைத்தே அரிப்பை ஆராய்ந்திருக்கிறது.

மரக்காணம் மாதிரி கடலோரத்தில் வீடு கட்டுகிறீர்களா? கைப்பிடிக் கம்பிக்கு மாலிப்டினம் கலந்த 316 ரகம் கேளுங்கள், வழவழப்பாகவும் கேளுங்கள். சொரசொரப்பாக விட்டால் 316-லும் பழுப்புக் கறை படியும். தேய்த்த கோடுகள் மேலிருந்து கீழாக ஓடினால் மழையே உப்பைக் கழுவிவிடும்.

சமையலறையில் இரும்பு நார் வேண்டாம். கீறலும் விழும், ஒட்டிய இரும்புத் துகளும் துருப்பிடிக்கும். உலைத் தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் கரையாத கல்லுப்பு அடியில் உட்கார்ந்து, அங்கேயே புள்ளி வைத்துவிடும்.